வீட்டு முற்றத்தில் கல் அறுப்போர் கவனத்திற்கு



நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாள். அதற்கு முந்திய சில வாரங்களில் நம் பங்குத் தெருக்களில் ஓர் ஓசை எழுவதை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். தாய் தந்தையரின் கல்லறைக்குக் கிரானைட் பலகை பதிக்க விரும்புவோரும், சிதைந்துபோன சிலுவைப் பீடத்தைப் புதுப்பிப்போரும் கல்லை வீட்டு முற்றத்திலேயே கிடத்தி, கையில் பிடிக்கும் மின் இயந்திரத்தால் அறுக்கிறார்கள். கல்லறை வேலை முடிந்ததும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கென வாசற்படி, சமையல் மேடை, தரை ஓடு என வேறு வேலைகள் தொடங்கிவிடுகின்றன. ஆண்டின் இறுதி மூன்று மாதங்களில் இந்த ஓசை ஓய்வதே இல்லை.

ஒரு தலைமுறைக்கு முன்னர் இந்த வேலை உளியும் சுத்தியலும் ஏந்திய கல்தச்சருக்கே உரியதாயிருந்தது. அவர் தம் தந்தையின் அருகில் பல ஆண்டுகள் அமர்ந்து தொழில் கற்றவர். கல்லின் நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தட்டினால் பிளக்கும் என்பன அவருக்குக் கைவந்த கலை. இன்றோ இரும்புக் கடைக்குச் சென்று கட்டிங் மெஷின் ஒன்றும் பிளேடு ஒன்றும் வாங்கி வந்து, சுவரில் பிளக்கைச் செருகினால் எவரும் கல் அறுக்கலாம். இதனை நாம் குறை கூறவில்லை. உழைப்பவனின் தோள்வலியைக் குறைக்கும் கருவி நல்ல கருவியே. ஆயினும் கருவியை விற்கும் கடையில் அதன் குணத்தை எடுத்துரைப்பார் இல்லை. ஆதலால் இந்த மாதம் இப்பகுதியில் கல் அறுக்கும் வட்டத் தகட்டைக் குறித்தும், அது எவ்வாறு பழுதுறுகிறது, அதனால் விளையும் தீங்கு யாது, அதனை எவ்வாறு தவிர்க்கலாம் என்பது குறித்தும் எழுத விரும்புகிறோம்.

வைரப் பிளேடு என்பது யாது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றுவோம். மரம் அறுக்கும் வாளுக்குப் பல் உண்டு. அந்தப் பல் மரத்தைக் கொத்தி எடுக்கிறது. கல் அறுக்கும் வைரப் பிளேடுக்கு அத்தகைய பல் கிடையாது. நடுவில் எஃகுத் தகடு. அதன் விளிம்பைச் சுற்றி உலோகப் பட்டை. அந்தப் பட்டைக்குள் வைரத் துகள்கள் மாவில் பதித்த உலர்திராட்சை போல ஆங்காங்கே புதைந்திருக்கும். இவை நகைக்கடை வைரங்கள் அல்ல. 1954ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தார் மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் செயற்கை வைரம் செய்யும் வழியைக் கண்டு, 1955 பிப்ரவரியில் உலகுக்கு அறிவித்தனர். அதன்பின் வைரத் துகள் தொழிற்சாலைப் பண்டமாயிற்று. ஒரு தொழிலாளி தம் கூலியில் வைரப் பிளேடு வாங்கக் கூடியதாக இருப்பது அதனாலேயே.

எனவே இந்தப் பிளேடு கல்லை வெட்டுவதில்லை, தேய்க்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வைரத் துகள் கல்லைச் சுரண்டுகிறது. சுரண்டிச் சுரண்டி அது மழுங்கும்போது, அதனைப் பிடித்துக்கொண்டிருக்கும் உலோகமும் கற்பொடியால் தேய்கிறது. மழுங்கிய துகள் உதிர்கிறது. அடியிலிருந்து புதிய துகள் தலைகாட்டுகிறது. பிளேடு தேயவேண்டும் என்பதே அதன் அமைப்பு. தேய்ந்தால்தான் அது கூர்மையாயிருக்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கடினமான கல்லுக்கு மென்மையான உலோகப் பிடிப்புள்ள பிளேடு வேண்டும். மணற்கல், செங்கல், சிமெண்டுக் கல் போன்ற, எளிதில் அறுபட்டாலும் உலோகத்தை மிகவும் அராவக் கூடியவற்றுக்குக் கடினமான பிடிப்புள்ள பிளேடு வேண்டும். இதனை மாற்றிப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? செங்கல்லுக்கெனச் செய்த பிளேடால் கிரானைட்டை அறுத்தால், உலோகம் தேயாது. மழுங்கிய வைரம் மழுங்கியபடியே நிற்கும். விளிம்பு கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடும். பிளேடு சுழலும், ஓசை எழுப்பும், ஆனால் கல்லில் இறங்காது. இவ்விடத்தில்தான் விபத்துக்கு வித்து விழுகிறது. ஏனெனில் பிளேடு இறங்கவில்லை என்றதும் மனிதன் செய்யும் முதற் காரியம் இயந்திரத்தை மேலும் அழுத்துவதே.

வேகத்தின் வலிமை

வீட்டு வேலைக்குப் பயன்படும் சிறு பிளேடு 110 மில்லிமீட்டர் அகலமுடையது. நிமிடத்திற்கு 12,000 சுற்றுச் சுழலும் இயந்திரத்தில் அதனைப் பூட்டினால், அதன் விளிம்பு ஒரு விநாடியில் ஏறத்தாழ 69 மீட்டர் தூரம் ஓடுகிறது. கணக்கிட்டால் மணிக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர். நம் நாட்டு விரைவு ரயில்கள் எட்டாத வேகம் அது! விளிம்பிலிருந்து கழன்று தெறிக்கும் நகத்தளவு உலோகத் துண்டும் புறப்படும் வேளையில் அதே வேகத்தையே கொண்டிருக்கும். கையில் பிடிக்கும் சிறு பொருள் என்று அலட்சியம் செய்வோர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

வேகம் இருமடங்கானால் விளிம்பைப் பிய்த்தெறிய முயலும் விசை நான்கு மடங்காகிறது. இதனாலேயே ஒவ்வொரு பிளேடிலும் அது தாங்கக்கூடிய மிகுதியான சுற்று எண்ணிக்கை பொறிக்கப்பட்டிருக்கிறது. பிளேடு பெரிதாக ஆக அந்த எண் குறையும். 180 மில்லிமீட்டர் பிளேடுகளில் பெரும்பாலும் 8,500 அல்லது அதற்குச் சற்று ஏறக்குறைய இருக்கக் காணலாம். அதனை எடுத்து நிமிடத்திற்கு 11,000 சுற்றுச் சுழலும் சிறு இயந்திரத்தில் பூட்டினால் விளிம்பின் வேகம் விநாடிக்கு 100 மீட்டரைக் கடந்துவிடும். தாங்கும் எல்லைக்கு அப்பால் அதனை ஓட்டுகிறோம் என்பது பொருள். பெரிய பிளேடு பூட்டுவதற்கு இடம் தராததால் இயந்திரத்தின் காப்பு மூடியையும் கழற்றி எறிகிறார்கள். ஒரே செயலில் ஆபத்தை வளர்த்துக் காவலையும் அகற்றுகிறார்கள்.

பிளேடு தரும் முன்னறிவிப்பு

நாம் இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்பும் முதல் உண்மை இது: நல்ல பிளேடு பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி உடைவதில்லை. அது பல மணி நேரம், சில வேளை பல நாட்கள், தன் நோயை அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அந்த அறிவிப்பைப் படிக்கக் கற்றவர் பிழைக்கிறார்.

அறுக்கும் வேகம் குறைந்து, பொறி மிகுந்து பறந்தால், விளிம்பு மழுங்கிற்று என்பது அறிவிப்பு. அழுத்துவது மருந்தன்று. இயந்திரத்தை நிறுத்தி, பிளேடு நின்றபின், விளிம்பைத் தொட்டுப் பார்க்கவேண்டும். வழவழப்பாயிருந்தால், அசையாமல் இறுக்கி வைத்த ஒரு செங்கல்லிலோ, மணற்கல்லிலோ, பழைய சாணைக்கல் துண்டிலோ ஆழமின்றிச் சில கோடுகள் அறுத்தால் உலோகம் தேய்ந்து புதிய வைரம் வெளிப்படும். அடிக்கடி இவ்வாறு மழுங்கினால் அந்தக் கல்லுக்கு அந்தப் பிளேடு ஏற்றதன்று என்று அறிக.

எஃகுத் தகட்டில் நீலமோ கருமையோ படர்ந்திருந்தால், அது அளவுமீறிச் சூடேறிற்று என்பது அறிவிப்பு. எஃகுத் தகடு தொழிற்சாலையில் ஒருவித விறைப்போடு செய்யப்படுகிறது. அந்த விறைப்பே அதனை நேராகச் சுழல வைக்கிறது. மிகுந்த சூடு அந்த விறைப்பைக் கெடுக்கும். பின்னர் தகடு தட்டுப்போல் வளைந்து, சுழலும்போது இருபுறமும் ஆடத் தொடங்கும். ஆடும் பிளேடு கல்லின் பிளவில் உரசி மேலும் சூடேறும். சூடேறிய பிளேடின்மேல் திடீரெனத் தண்ணீரை ஊற்றுவதும் அதற்குக் கேடு. தண்ணீர் தொடக்கமுதல் பாயவேண்டும். அல்லது பிளேடைக் காற்றில் வெறுமனே சுழலவிட்டு ஆறச் செய்யவேண்டும்.

விளிம்பில் துண்டு துண்டாகப் பிரிவுகள் உள்ள பிளேடுகளில் அந்தப் பிரிவுகளின் அடியைக் கவனியுங்கள். பிரிவு முடியும் இடைவெளியிலிருந்து தகட்டின் நடுவை நோக்கி மயிரிழை போன்ற கீறல் தெரிந்தால், அந்தப் பிளேடின் ஆயுள் முடிந்தது. ஒரு துண்டு உதிர்ந்திருந்தாலும் முடிந்தது. மீதித் துண்டுகள் இருக்கின்றனவே என்று ஓட்டுவதும், உதிர்ந்ததைப் பற்றவைப்பதும் கூடா. அதனை இரண்டாக வளைத்து எறிந்துவிடுங்கள். இல்லையேல் மற்றொருவர் எடுத்துப் பூட்டுவார்.

நடுத்துளை வட்டமாயிராமல் நீண்டிருந்தால், நட்டு தளர்ந்த நிலையில் பிளேடு ஓடியிருக்கிறது. துளை தண்டுக்குப் பெரிதாயிருப்பின் தகரத் துண்டோ நூலோ சுற்றிச் சரிக்கட்டுவது பெருந்தவறு. மையம் பிசகிய பிளேடு தடதடவென்று அதிரும். அந்த அதிர்ச்சி உலோகத்தைக் களைப்புறச் செய்து கீறலை உண்டாக்கும். பிளேடின்மேல் ஓர் அம்புக்குறி உண்டு. அதுவும் அழகுக்கன்று. ஒவ்வொரு வைரத் துகளுக்கும் பின்னே உலோகம் சிறு வாலைப்போல் நின்று அதனைத் தாங்குகிறது. பிளேடைத் திருப்பிப் பூட்டினால் அந்தத் தாங்குதல் இல்லாமல் துகள்கள் வீணே உதிரும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நோயாளிகளைச் சந்திக்கச் சென்றவிடத்தில், முகத்தில் கட்டுடன் படுத்திருந்த இளம் கொத்தனார் ஒருவரைக் கண்டோம். ஒரு குடும்பத்தாரின் கல்லறைக்குப் படிக்கல் அறுக்கையில் பிளேடின் துண்டு ஒன்று தெறித்து அவரது கன்னத்தைப் பிளந்திருந்தது. கண்ணுக்குக் கீழே ஒரு விரற்கடை தூரம்; கண் பிழைத்தது. “இரண்டு நாளாகவே பிளேடு தடதடத்தது, சாமி. திருநாளுக்கு முன்பு முடித்தாக வேண்டும் என்றார்கள். இந்த ஒரு கல் முடியட்டும் என்று ஓட்டினேன்” என்றார். காப்பு மூடியைப் பற்றிக் கேட்டோம். “மூடி இருந்தால் கோடு தெரிவதில்லை என்று கழற்றி வைத்திருந்தேன்” என்றார். பிளேடு இரண்டு நாள் அறிவித்தது. கேட்கும் நேரம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

கல் கவ்வும் வேளை

பிளேடு பழுதற்றதாயினும் கல்லைக் கிடத்தும் முறை தவறினால் ஆபத்தே. நீண்ட பலகையின் இரு முனைகளையும் செங்கல்மேல் வைத்து நடுவில் அறுப்பவர் பலர். அறுப்பு முடியும் தறுவாயில் இரு பாதிகளும் தம் எடையால் உட்புறம் சாய்ந்து பிளேடைக் கவ்விக்கொள்ளும். அந்தக் கணத்தில் இயந்திரம் முழு வலிமையுடன் பின்னோக்கித் துள்ளும். அதனைப் பிடித்திருப்பவரின் தொடையோ வயிறோ முகமோ அதன் வழியில் இருக்கக்கூடும். ஆதலால் அறுக்கும் கோட்டின் இருபுறமும் பலகை தாங்கப்பட்டிருக்கவேண்டும். வெளிமுனைத் துண்டாயின் அது தடையின்றிக் கீழே விலகக்கூடியதாய் இருக்கவேண்டும்.

காலால் கல்லை மிதித்துக்கொண்டு அறுத்தல் எங்கும் காணும் வழக்கம். அதனை அறவே விடவேண்டும். கல்லை இறுக்கிப் பிடிக்கக் கிளாம்பு உண்டு. அதன் விலை ஒரு கால்விரலின் விலையை விடக் குறைவே. முழு ஆழத்தையும் ஒரே முறையில் அறுக்க முயலாமல், முதலில் மேலோட்டமாக ஒரு கோடு, பின்னர் சிறிது சிறிதாக ஆழம் என்று செல்லவேண்டும். நேர்க்கோட்டுப் பிளேடைக் கல்லின் உள்ளே திருப்பி வளைவு அறுக்க முயல்வதும், அதன் பக்கத்தால் கல்லைத் தேய்ப்பதும் தகட்டை வளைத்து உடைக்கும். பிளேடு சுழலும் தளத்திற்கு நேராக எவரும் நிற்கலாகாது. அறுப்பவரும் சற்று ஒதுங்கியே நிற்கவேண்டும். இரு கைகளாலும் இயந்திரத்தைப் பற்றவேண்டும்.

தூசி தராத முன்னறிவிப்பு

இதுவரை கூறியது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. இனிக் கூறப்போவது அதனினும் கொடியது. பிளேடு முன்னறிவிப்புத் தருகிறது, தூசி தருவதில்லை.

கிரானைட் என்று நிலநூலார் வகுத்த கல்லில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறையாமல் குவார்ட்ஸ் என்னும் பளிங்குச் சத்து உண்டு. மணற்கல்லில் அது இன்னும் மிகுதி. கடைகளில் கருப்பு கிரானைட் என்று விற்கப்படும் கற்கள் பலவற்றில் அது குறைவே. ஆயினும் கல்லின் நிறத்தைப் பார்த்து அளவிடுவது நம்மால் ஆகாது. குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. கல்லை உலர்ந்த நிலையில் அறுக்கும்போது எழும் வெண்புகையில் கண்ணில் படும் பொடி தரையில் விழுந்துவிடும். ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கினும் சிறிய நுண்துகளோ காற்றில் மிதந்து, மூச்சுடன் நுரையீரலின் கடைசி அறை வரை செல்லும். அங்கே அது கரைவதில்லை. அதனைச் சுற்றி நுரையீரல் தழும்பேறிக் கடினமாகும். இதனை மருத்துவர் சிலிக்கோசிஸ் என்பர். தழும்பை அகற்றும் மருந்து இல்லை. வேலையை விட்டபின்னும் நோய் வளரக்கூடும். இந்த நோய் உள்ளவரைக் காசநோய் எளிதில் பற்றும். 1997ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு, தொழிலிடங்களில் மூச்சோடு செல்லும் படிகச் சிலிக்காவைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்தது.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. நம்மில் வயது முதிர்ந்தோர் யாவரும் சிலேட்டுக் குச்சியால் எழுதப் படித்தவர்கள். அக்குச்சிகளை மத்தியப் பிரதேசத்தின் மந்த்சோர் பகுதியில் மின்சார வட்ட வாளால் கல்லை அறுத்துச் செய்துவந்தனர். அவ்வாறு அறுத்த தொழிலாளர் பலரைச் சிலிக்கோசிஸ் இளவயதிலேயே பற்றியது. நாம் அகரம் எழுதிய குச்சியின் பின்னே மூச்சுத் திணறிய மனிதர்கள் இருந்தனர்!

மற்றொரு சான்று குஜராத்தின் கம்பாத் நகரம். அகேட் என்னும் மணிக்கல்லை அறுத்து, தேய்த்து, துளையிட்டு மாலைமணி செய்யும் தொழில் அந்த வட்டாரத்தில் மிகத் தொன்மையானது. அகேட் ஏறத்தாழ முழுவதும் சிலிக்காவே. அங்கே தேய்ப்பு வேலை பல வீடுகளில் குடிசைத் தொழிலாகவே நடந்துவந்தது. ஆமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நல நிறுவனத்தார் அம்மக்களை ஆராய்ந்தபோது, தேய்ப்பவர்களிடம் மட்டுமன்றி, அந்த வேலையைச் செய்யாமல் அதே வீட்டிலும் அண்டையிலும் வாழ்ந்தவர்களிடமும் நுரையீரல் பாதிப்பைக் கண்டனர். வீடே பட்டறையானால் குடும்பமே தொழிலாளியாகிவிடுகிறது. சமைக்கும் தாயும், திண்ணையில் பாடம் படிக்கும் பிள்ளையும், கட்டிலில் கிடக்கும் பாட்டியும் அதே காற்றைத்தான் இழுக்கிறார்கள்.

அண்மைக் காலத்தில் சமையல் மேடைக்கெனக் குவார்ட்ஸ் பலகை என்ற செயற்கைக் கல் விற்பனையாகிறது. அதில் சிலிக்கா நூற்றுக்கு 90 பங்கு அளவுக்கும் இருக்கக்கூடும். அதனை அறுத்த இளைஞர் பலர் நோயுற்றமையால், ஆஸ்திரேலிய நாடு 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து அத்தகைய கல்லைத் தயாரிப்பதற்கும் விற்பதற்கும் பதிப்பதற்கும் தடை விதித்தது. மேடையில் பதித்த கல் அமர்ந்த நிலையில் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. அறுக்கும்போது எழும் தூசியே கொல்கிறது.

செய்யத்தக்கவை

முதலாவது, வீட்டில் அறுக்காமல் இருக்கக் கூடுமாயின் அதுவே சிறந்தது. கல் விற்கும் பெரிய பட்டறைகளில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்க, கல்லை மேடையில் கிடத்தி அறுக்கும் பெரிய இயந்திரங்கள் உள்ளன. கல்லறையின் நீள அகலத்தை முன்னதாகவே சரியாக அளந்து கொடுத்தால், பலகைகளை அங்கேயே அறுத்துத் தருவார்கள். வீட்டில் எஞ்சுவது பொருத்தும் வேலை மட்டுமே. இதற்குச் சிறிது கூடுதல் செலவும், ஒரு வாரம் முன்கூட்டிய திட்டமும் போதும்.

இரண்டாவது, வீட்டில் அறுத்தே ஆகவேண்டுமெனின், தண்ணீர்க் குழாய் இணைக்கும் வசதியோடு செய்யப்பட்ட இயந்திரத்தையே பயன்படுத்துங்கள். தண்ணீர் பிளேடையும் காக்கிறது, மூச்சையும் காக்கிறது. ஆனால் தண்ணீரும் மின்சாரமும் ஓரிடத்தில் கூடுவது ஆபத்து. வீட்டு மின் இணைப்பில் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் காப்புச் சுவிட்சு இருக்கவேண்டும். ஒட்டுப்போட்ட வயரை ஈரத் தரையில் கிடத்தாதீர்கள். தண்ணீருக்கெனச் செய்யப்படாத சாதாரண ஆங்கிள் கிரைண்டரின்மேல் மற்றொருவர் சொம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பது பல இடங்களில் காணும் காட்சி. அது இருவர் உயிருக்கும் உலை.

மூன்றாவது, முகத்தில் கட்டும் கைக்குட்டையும் துண்டும் நுண்துகளைத் தடுப்பதில்லை. என்-95 என்று குறிக்கப்பட்ட, முகத்தோடு இறுகப் பொருந்தும் முகமூடி வேண்டும். தாடி மண்டிய முகத்தில் அது சரியாகப் பொருந்தாது. கண்ணுக்கு, பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். படிக்கும் கண்ணாடி போதாது. காதுக்கு அடைப்பான், காலுக்கு மூடிய காலணி. அவிழும் லுங்கி, தொங்கும் துண்டு, கழுத்தில் வெளியே ஆடும் உத்தரியமோ செபமாலையோ சுழலும் பிளேடுக்கு அருகில் ஆகாது. பக்திக்குரிய பொருளைச் சட்டைக்குள் இட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது, புதிய பிளேடு பூட்டியதும் அரை நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, எதிரில் எவரும் இல்லாத நிலையில், ஆட்டமோ அதிர்வோ உண்டா எனக் கவனியுங்கள். பிளேடு மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். காப்பு மூடியைக் கழற்ற வேண்டிய வேலை எதுவும் இல்லை. மூடி இடந்தராத பிளேடு அந்த இயந்திரத்துக்கு உரியதன்று. மரம் அறுக்கும் பல்வைத்த தகட்டை இந்த இயந்திரத்தில் ஒருபோதும் பூட்டாதீர்கள்.

ஐந்தாவது, வேலை முடிந்தபின் உலர்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, ஈரமாகவே அள்ளுங்கள். சேறு காய்ந்தால் மீண்டும் தூசியே. அறுத்தவர் உடுத்த உடையை உதறாமல், பிள்ளைகளின் துணியோடு கலக்காமல், தனியே நனைத்துத் துவையுங்கள். அறுக்கும் வேளையில் குழந்தைகளையும் முதியோரையும் அப்பால் அனுப்பிவிடுங்கள்.

ஆறாவது, பல ஆண்டுகள் கல் அறுத்தவர்க்கு மாறாத இருமலோ, படியேறினால் மூச்சிரைப்போ இருந்தால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும்; சென்றதும் தம் தொழில் இன்னதென்று தாமே சொல்லவேண்டும். மார்பு எக்ஸ்ரே படத்தில் சிலிக்கோசிஸைக் காசநோய் என்று கருதிவிடுவது உண்டு. தொழிலைச் சொன்னால் மருத்துவர் சரியான வழியில் ஆராய்வார்.

வேலை கொடுப்போர்க்கு ஒரு சொல்

மேற்கூறிய யாவும் இயந்திரம் பிடிப்பவருக்கு மட்டும் சொன்னவை என்று எண்ணிவிட வேண்டா. நம்மில் பெரும்பாலோர் கல் அறுப்பவர்கள் அல்லர், அறுக்கச் சொல்பவர்கள். பேரம் பேசும்போது நாம் குறைக்கும் ஐம்பது ரூபாய், கொத்தனார் மாற்றாமல் விடும் தேய்ந்த பிளேடாக மாறுகிறது. “இன்று மாலைக்குள் முடித்துக் கொடுங்கள்” என்ற நம் அவசரம், அவர் கழற்றி வைக்கும் காப்பு மூடியாக மாறுகிறது. தண்ணீர் தெளித்தால் முற்றம் சேறாகுமே என்ற நம் சலிப்பு, அவர் நுரையீரலில் தங்கும் தூசியாக மாறுகிறது. கூலி கொடுத்துவிட்டோம், நம் கடமை தீர்ந்தது என்று சொல்வது நியாயமாகாது.

ஆதலால் வேலைக்கு அழைக்கும்போதே கேளுங்கள்: பிளேடு நல்ல நிலையில் உள்ளதா? மூடி உள்ளதா? முகமூடி உள்ளதா? இல்லையெனின் நீங்களே வாங்கிக் கொடுங்கள். அவரோடு உதவிக்கு வரும் சிறுவயதுத் தம்பிக்கும் சேர்த்து வாங்குங்கள். கல்லைப் பிடித்துக்கொண்டு தூசிக்கு நேராக நிற்பவன் அவனே. தண்ணீர் வசதி செய்து கொடுங்கள். அவர் “இந்தப் பிளேடு சரியில்லை, நாளைக்கு வருகிறேன்” என்று சொன்னால் முகம் சுளிக்காமல் சம்மதியுங்கள். திருநாளுக்குள் வேலை முடியாவிட்டால், அந்த ஆண்டு கல்லறையில் மலரும் மெழுகுதிரியும் போதும். கல் அடுத்த மாதம் வரட்டும். நம் முன்னோர் நம்மிடம் கேட்பது செபமே. பளபளக்கும் பலகையை அவர்கள் கேட்டதில்லை. இறந்தோர் நினைவுக்குக் கல் நாட்டும் வேளையில், உயிரோடிருப்பவர் ஒருவரின் கண்ணையும் மூச்சையும் பணயம் வைத்தல் எவ்வாற்றானும் தகாது.